மிதவை அது பாட்டுக்கு மிதக்குமா? (கடிதம்)

அன்புள்ள ஐயா,

கடல்சார் படிப்பு முடித்திருக்கிறேன். கலங்கரை விளக்கங்களையும், கப்பல்களுக்கு வழிகாட்டும் மிதவைகளையும் பராமரிக்கும் கப்பலில் சேர வாய்ப்பு வந்திருக்கிறது. அம்மா பயப்படுகிறார். ஜிபிஎஸ் வந்தபிறகு இதெல்லாம் எதற்கு என்கிறார்கள் நண்பர்கள். கலங்கரை விளக்கமாவது அசையாமல் கம்பீரமாக நிற்கும். மிதவைக்கு என்ன, அது பாட்டுக்கு மிதக்கும். வேலை லேசாக இருக்கும், தனிமையில் நிறைய எழுதலாம் என்று நினைக்கிறேன். சேரலாமா?

ம.

அன்புள்ள ம.,

எழுத வருவதற்கு முன் இரண்டு வருடம் அப்படி ஒரு கப்பலில் டெக் வேலை பார்த்தவன் நான். போன வாரம் பழைய பெட்டியைக் கிளறியபோது பருமன் அளக்கிற துருப்பிடித்த காலிப்பர் ஒன்று கிடைத்தது. அந்த நினைப்பிலேயே இருந்தேன், உங்கள் கடிதம் வந்தது.

தனிமையா? யார் சொன்னது? ஒரு கேபினில் இரண்டு பேர், சுவருக்கு அந்தப் பக்கம் ஜெனரேட்டர். ராத்திரி எழுத உட்கார்ந்தால் விரல் மடங்காது. ஜிபிஎஸ் நீங்கள் இருக்கும் இடத்தைச் சொல்லும். கொல்கத்தா பக்கம் ஹூக்ளி ஆற்றில் மணல்திட்டு எங்கே நகர்ந்திருக்கிறது என்று சொல்லாது. அசையாத கம்பீரத்துக்கு ஒன்று: 2004 நிலநடுக்கத்தில் நிக்கோபார் தென்கோடியில் இருக்கிற இந்திரா முனையில் தரையே நாலு மீட்டருக்கு மேல் இறங்கிவிட்டது. 1972-ல் விளக்கேற்றிய கோபுரத்தின் காலடியில் கடல் வந்து நின்றது. சரி, இதெல்லாம் போகட்டும்.

"அது பாட்டுக்கு மிதக்கும்" என்றீர்களே, அங்கேதான் எனக்குச் சுருக்கென்றது. படித்த பிள்ளை எழுதுகிற வரியா அது? மிதவைக்குக் கீழே செயின், செயினுக்குக் கீழே டன் கணக்கில் எடையுள்ள சிங்கர், அதாவது மிதவையைப் பிடித்து நிறுத்த கடல் தரையில் கிடக்கும் எடைக்கட்டி. ஓதத்துக்கும் அலைக்கும் இடம் கொடுக்க, ஆழத்தைவிட நீளமாகத்தான் செயின் விடுவார்கள். மிச்சம் தரையில் கிடக்கும். ஒவ்வொரு அலைக்கும் மிதவை ஏறி இறங்க, செயின் தரையைத் தொடுகிற இடம் மணலில் உரசிக்கொண்டே இருக்கும். ராவும் பகலும் அரம் போட்ட மாதிரி.

கிரேனில் தூக்கினால் பாசியும் சிப்பியுமாக ஒழுகிக்கொண்டு வரும். குட்டி நண்டுகள் டெக்கில் சிதறி ஓடும். நாற்றம் மூன்று நாள் சட்டையை விட்டுப் போகாது. சுரண்டிக் கழுவியபிறகு செயினை இழுத்து, சுத்தியலால் துருவைத் தட்டி, கண்ணி கண்ணியாகக் காலிப்பர் வைத்து அளக்கவேண்டும். மேலே மணிக்கட்டுப் பருமனாக இருக்கிற கண்ணி, உரசுகிற இடத்தில் கட்டைவிரலாகத் தேய்ந்திருக்கும்.

ஒரு நாள் உச்சிவெயிலில் நான் அளக்கவில்லை. போன தடவை எழுதிய எண்ணைப் பார்த்து, கொஞ்சம் குறைத்துச் சத்தமாகச் சொன்னேன். எழுதிக்கொண்டார்கள். அந்த வடகிழக்குப் பருவத்தில் மிதவையைக் காணோம். இருபது மைல் தள்ளி ஒரு கடற்கரையில் சாய்ந்து கிடந்தது, அறுந்த கண்ணியோடு. இடையில் கப்பல் எதுவும் தரைதட்டவில்லை. அதில் என் சாமர்த்தியம் ஒன்றுமில்லை. டெக் ஆட்களுக்குத் தலைவரான போசன் என்னைத் திட்டவில்லை. அந்தக் கண்ணியைக் கையில் கொடுத்து, "இப்ப அள, தம்பி" என்றார். அளந்தேன். காலிப்பரைத் திருப்பிக் கொடுத்தபோது வாங்கிக்கொள்ளவில்லை.

அம்மா பயப்படுவது வீண் இல்லை. சிங்கரைக் கடலில் விடும்போது செயின் டெக்கில் தடதடவென்று ஓடும். அந்தப் பக்கம் கால் இருக்கக்கூடாது. இந்தப் பத்தியை மட்டும் அவருக்குப் படித்துக் காட்டாதீர்கள்.