கூரை விசிறி மூலையில் கசிவு: சிலிக்கானை எடுத்துவிடுங்கள்
மழை பெய்தால் கேரவன் கூரைத் திறப்பில் பொருத்திய காற்றோட்ட விசிறியின் ஒரு மூலையில் சொட்டுகிறது, மேலே சிலிக்கான் பசை பூசியும் நிற்கவில்லை என்கிறீர்கள். சிக்கலே அந்தச் சிலிக்கான்தான். அதன்மேல் வேறு எதுவும் சரியாக ஒட்டாது. விசிறியைக் கழற்றி, பழையதை பிளாஸ்டிக் சுரண்டியால் முழுக்க எடுத்துவிடுங்கள். ரப்பர் கூரை என்றால் பெட்ரோல் பக்கமே போகாதீர்கள், உப்பிவிடும். துடைக்க ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் போதும்.

அப்புறம் விசிறிச் சட்டத்தின் விளிம்புக்கு அடியில் பியூட்டைல் டேப் (இருபுறமும் ஒட்டும் மெத்தென்ற ரப்பர் நாடா), மூலைகளில் இடைவெளி விடாமல். திருகுகளை எதிரெதிராகக் கொஞ்சம் கொஞ்சமாக முறுக்குங்கள். டேப் சுற்றிலும் பிதுங்கினால் சரி. மறுநாள் டேப் அமுங்கியிருக்கும், லேசாக இன்னொரு முறுக்கு. கடைசியில் திருகுத் தலைகளும் விளிம்பும் மூடும்படி, தானாகப் பரவும் லேப் சீலன்ட் (கூரை விளிம்புகளை மூடும் பசை).

ஆமாம், கழற்றியதும் திறப்பைச் சுற்றியுள்ள மரத்தை விரலால் அழுத்திப் பாருங்கள். பஞ்சுபோல் அமுங்கினால் முதலில் அதை மாற்றுங்கள். ஊறிய மரத்தில் திருகு பிடிக்காது.