மகளை ஆராய்ச்சிப் படிப்புக்கு அனுப்பத் தயங்கும் ஒரு தாய்க்கு

அன்புள்ள அம்மாவுக்கு,

சென்ற சனிக்கிழமை கோத்தகிரியில் நீங்கள் என்னிடம் கேட்ட கேள்விக்கு அன்றே முழுமையாகப் பதில் சொல்ல இயலவில்லை. கடைசிப் பேருந்துக்கு நேரமாகிவிட்டது. மகளும் பக்கத்தில் இருந்தாள். பன்னிரண்டாம் வகுப்பில் கணிதமும் இயற்பியலும் நன்றாகப் படிக்கும் அவள், மின்னணுவியல் பொறியியல் படித்து, பிறகு அமெரிக்கா சென்று விண்ணிலிருந்து வரும் வானொலி அலைகளை ஆராயும் வானொலி வானியலில் ஆராய்ச்சி செய்ய வேண்டும் என்கிறாள். “எங்க நிறத்துக்கும் எங்க பேச்சுக்கும் அங்க என்ன மரியாதை கிடைக்கும்? போய் அவமானப்பட்டா தாங்குவாளா?” என்று நீங்கள் கேட்டீர்கள். கொழுந்து பறித்த கூலியில் பிள்ளையைப் படிக்க வைக்கும் தாய் கேட்க வேண்டிய கேள்விதான் அது. மழுப்பாமல் பதில் எழுதுகிறேன்.

முதலில் அவளுடைய தகுதியைப் பற்றி ஒரு வார்த்தை. ஊட்டிக்கு அருகே முத்தொரையில் உள்ள வானொலித் தொலைநோக்கிக்குப் பள்ளியிலிருந்து அழைத்துச் சென்றதைப் பற்றி அவளிடம் கேட்டேன். 530 மீட்டர் நீளமும் 30 மீட்டர் அகலமும் கொண்ட அந்தக் கருவியை 1970இல் ஏன் சமதளத்தில் அமைக்காமல் மலைச்சரிவில் அமைத்தார்கள் என்று கேட்டதற்கு, அந்தச் சரிவின் சாய்வு ஏறத்தாழ 11 பாகை, ஊட்டியின் அட்சரேகையும் அதே அளவு, ஆகவே கருவியின் நீண்ட அச்சு பூமியின் அச்சுக்கு இணையாக நிற்கிறது, அதை ஒரே அச்சில் சுழற்றினாலே ஒரு விண்மீனைப் பல மணி நேரம் தொடர முடியும் என்று கையால் காற்றில் கோடு போட்டு விளக்கினாள். மனப்பாடம் செய்தவள் அப்படி விளக்க மாட்டாள். எனவே ‘அவளால் முடியுமா’ என்ற கேள்வியை நாம் விட்டுவிடலாம்.

அவமானம் பற்றிய கேள்விக்கு வருகிறேன். நம் ஊரில் உங்கள் மகள் பலரில் ஒருத்தி. அமெரிக்காவில் கறுப்பினப் பெண்கள், பழங்குடிப் பெண்கள், ஆசியப் பெண்கள் என வெள்ளையரல்லாத எல்லாரையும் சேர்த்துச் சொல்லும் பெயருக்குள் அவளும் வந்துவிடுவாள். 1975 டிசம்பரில் அங்கே அறிவியல் துறையில் இருந்த சிறுபான்மை இனப் பெண்கள் முப்பது பேர் கூடித் தம் அனுபவங்களைப் பேசினார்கள். பெண் என்பதால் ஒரு கட்டு, இனத்தால் இன்னொரு கட்டு, இரண்டும் ஒன்றையொன்று இறுக்குகின்றன என்பதை அடுத்த ஆண்டு வெளிவந்த அறிக்கை எடுத்துச் சொன்னது. அதற்குப் பின் நிறைய மாறியிருக்கிறது, எல்லாம் மாறிவிடவில்லை. கஷ்டமே இருக்காது என்று நான் உங்களுக்கு வாக்குக் கொடுக்க மாட்டேன்.

ஆனால் அந்தக் கட்டுகளோடு வேலை செய்தவர்கள் எப்படி நிலைத்தார்கள் என்று பார்த்தால், நீங்கள் செய்யக்கூடியது என்ன என்பது தெரியும். மேரி ஜாக்சன் என்ற கறுப்பினப் பெண், ஆசிரியையாக இருந்துவிட்டு, 1951இல் வர்ஜீனியா மாநிலத்தில், பின்னர் நாசாவின் பகுதியான லாங்லி விமான ஆய்வு மையத்தில் கணக்கிடும் பணிக்குச் சேர்ந்தார். கறுப்பினப் பெண்களுக்கு அங்கே தனிப் பிரிவு. பிறகு விமான மாதிரிகள் மீது வேகமாகக் காற்றைச் செலுத்திப் பார்க்கும் காற்றுச் சுரங்கச் சோதனைகளில் அவரோடு வேலை செய்த ஒரு பொறியாளர், நீங்களும் பொறியாளர் ஆகலாம் என்று ஊக்கினார். அதற்கு வேண்டிய மாலை வகுப்புகளோ வெள்ளையர் மட்டும் படிக்கும் பள்ளியில் நடந்தன. அவர் நகர நிர்வாகத்திடம் மனுக் கொடுத்து, தனி அனுமதி வாங்கி, அந்த வகுப்புகளில் உட்கார்ந்து படித்து, 1958இல் நாசாவின் முதல் கறுப்பினப் பெண் பொறியாளர் ஆனார். அதைவிட என்னை அதிகம் தொட்டது, 1979இல் அவர் செய்த காரியம். தமக்குப் பின்னால் வரும் பெண்களுக்கு வேலையும் பதவி உயர்வும் கிடைக்க வழி செய்வதற்காக, பொறியாளர் பதவியை விட்டு, அதைவிடக் கீழ்நிலையில் இருந்த ஒரு நிர்வாகப் பொறுப்பைத் தாமாகவே கேட்டு ஏற்றார். வாஷிங்டனில் உள்ள நாசா தலைமையகக் கட்டடம் இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

நமக்கு இன்னும் அருகிலேயே ஒருவர் இருக்கிறார். தலச்சேரியில் 1897இல் பிறந்து, சென்னையில் படித்த தாவரவியலாளர் ஜானகி அம்மாள், ஆசியப் பெண்களுக்கென்றே மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் இருந்த பார்பர் உதவித்தொகையில் அமெரிக்கா சென்று, 1931இல் முனைவர் பட்டம் பெற்றார். மலைக்குக் கீழே கோயம்புத்தூரில் உள்ள கரும்பு இனப்பெருக்க நிறுவனத்தில் கரும்பை ஆராய்ந்தவர் அவர். பின்னர் இங்கிலாந்தில் பணிபுரிந்து, நாடு திரும்பி, 1977இல் பத்மஸ்ரீ பெற்றார். அவர் வெளிநாடு போன காலத்தில் செய்தி வரக் கடிதம் ஒன்றே வழி. உங்கள் மகளோடு நீங்கள் தினமும் முகம் பார்த்துப் பேசலாம்.

இந்த இரண்டு பெண்களின் திறமையைப் பற்றிப் பேசுபவர்கள், மனு எழுதிய நாளையும் உதவித்தொகை வந்த நாளையும் மறந்துவிடுகிறார்கள். திறமை அதற்கு முன்பும் அவர்களிடம் இருந்தது. அந்த நாளில் பணமோ, அனுமதியோ, துணை நிற்க ஒரு ஆளோ கிடைத்ததால்தான் அது வெளியே வந்தது. ஆகவே, அம்மா, ‘அனுப்பலாமா வேண்டாமா’ என்று கலங்குவதை விட்டு, ‘எந்தெந்தக் கட்டத்தில் அவளுக்கு யார் துணை’ என்று நாம் கணக்குப் போட வேண்டும்.

முதல் கட்டம் உங்கள் வீடு. நிறத்தைப் பற்றிய முதல் சொல்லை அவள் அமெரிக்காவில் கேட்கப் போவதில்லை; இங்கேயே கேட்டுவிட்டாள். “கறுப்பா இருக்கா, படிச்சாலாவது நல்ல இடம் அமையும்” என்று உறவினர் ஒருவர் சொன்னதை அன்று நீங்களே என்னிடம் சொன்னீர்கள். மகள் அப்போது தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பேச்சை உங்கள் வீட்டு வாசலிலேயே நிறுத்துங்கள். படிப்பு அவள் நிறத்துக்கு ஈடு அல்ல என்று அவள் காதுபடச் சொல்லுங்கள். வெளியூரில் அவளை ஒருவர் இழிவாகப் பேசினால், அது தன் குறை அல்ல என்று நிமிர்ந்து நிற்க அவளுக்கு அது ஒன்றே பலம் தரும்.

பணத்தைப் பற்றி அதிகம் அஞ்ச வேண்டாம். ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படிக்கும் அவளுக்குப் பொறியியல் சேர்க்கையில் 7.5 சதவீத உள் இடஒதுக்கீடு உண்டு. அதில் இடம் கிடைத்தால் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1000 ரூபாய் அவள் வங்கிக் கணக்குக்கு வரும். அந்த ஒதுக்கீட்டில் இடம் கிடைக்காமல் பொதுவில் கிடைத்தால் கட்டணச் சலுகைக்கு முதல் பட்டதாரி சான்றிதழ் தேவைப்படும் என்பதால், அதையும் சாதிச் சான்றிதழையும் இப்போதே இ-சேவை மையத்தில் விண்ணப்பித்து வாங்கி வையுங்கள். உங்கள் குடும்பம் இலங்கையிலிருந்து திரும்பி வந்த குடும்பம் என்பதால், பழைய தாள்களைத் தேடி எடுக்க நாளாகும். மத்திய அரசின் பொறியியல் கல்லூரிகளுக்கான நுழைவுத் தேர்வான ஜே.இ.இ. முதன்மைத் தேர்வையும் அவள் எழுதட்டும். 2021 முதல் அதைத் தமிழிலும் எழுதலாம்.

கல்லூரியில் முதல் ஆண்டுதான் கடினமானது. நானும் இந்த மலையிலிருந்து தமிழ்வழியில் படித்துவிட்டுக் கீழே இறங்கியவள். ஆய்வகத்தில் ஐந்து பேர் கொண்ட குழுவில் கருவியை மாணவர்கள் இயக்குவார்கள். மாணவிகளான எங்களிடம் ரெக்கார்டு நோட்டைக் கொடுத்து, “உங்க கையெழுத்து அழகா இருக்கும்” என்பார் எங்கள் ஆசிரியர். ஓராண்டு முழுவதும், மின் அலைகளைத் திரையில் காட்டும் ஆசிலாஸ்கோப்பின் குமிழைத் தொடாமலேயே அதைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதினேன். உங்கள் மகள் முதல் வாரத்திலேயே கருவியில் கை வைக்க வேண்டும். ஆங்கிலத்தில் தடுமாறினாலும் கேள்வி கேட்க வேண்டும். இதை நான் அவளிடம் தனியாகச் சொல்வேன். செங்கோட்டையில் பிறந்த நிகர் ஷாஜியும் திருநெல்வேலி அரசு பொறியியல் கல்லூரியில் மின்னணுவியல் படித்தவர்தான். 2023 செப்டம்பரில் சூரியனை ஆராயப் புறப்பட்ட ஆதித்யா எல்-1 திட்டத்துக்கு அவரே இயக்குநர்.

வெளிநாடு பற்றி என் கருத்து உறுதியானது. முதுகலைப் படிப்புக்காகக் கடன் வாங்கி அவளை அனுப்பாதீர்கள். இருக்கிற நகையையும் அடகு வைக்காதீர்கள். அமெரிக்காவில் அறிவியல் முனைவர் படிப்புக்குப் பெரும்பாலும் கட்டண விலக்கும் மாதச் சம்பளமும் உண்டு. அப்படிக் கிடைத்தால் போகட்டும். இங்கேயும் பொறியியல் முதுகலைக்கான கேட் தேர்வில் தேறி எம்.டெக். சேர்பவர்களுக்கு மாதம் 12,400 ரூபாயும், இளநிலை ஆய்வாளருக்கு மாதம் 37,000 ரூபாயும் வழங்கப்படுகின்றன. முத்தொரைத் தொலைநோக்கியை நடத்தும் புனே தேசிய வானொலி வானியற்பியல் மையத்திலேயே முனைவர் பட்டம் முடித்து, அதன்பின் வெளிநாட்டு ஆய்வுப் பணிக்குப் போவதும் மதிப்பான வழி. எங்கே போனாலும், பேராசிரியரைத் தேர்ந்தெடுக்கும் முன் அவரிடம் படிக்கும் மாணவிகளுக்கு அவளே எழுதிக் கேட்க வேண்டும்: எத்தனை பேர் முடித்தார்கள், எத்தனை பேர் இடையில் விட்டார்கள், முறையிட்டால் கேட்பார் உண்டா என்று. பல்கலைக்கழகத்தின் பெயரைவிட அந்தப் பதில்கள் முக்கியம்.

கல்யாணப் பேச்சை மூன்றாம் ஆண்டில் எடுக்க வேண்டாம் என்று மட்டும் இப்போதைக்குக் கேட்டுக்கொள்கிறேன். பெண்கள் அதிகம் விலகிப் போவது கல்லூரி வாசலில் அல்ல, அதற்குப் பிந்தைய ஐந்தாறு ஆண்டுகளில்தான் என்பதை இத்தனை ஆண்டுகளாக நான் கண்கூடாகப் பார்த்து வருகிறேன்.

அடுத்த மாதம் இரண்டாவது சனிக்கிழமை, காலை பத்து மணிக்கு மேல் வாருங்கள். குடும்ப அட்டை, உங்கள் கணவரின் பழைய தாள்கள், மகளின் பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழ் மூன்றும் கையில் இருக்கட்டும். முடிந்தால் அவள் அப்பாவையும் அழைத்து வாருங்கள். தொலைநோக்கியைப் பற்றி அவள் எனக்கு விளக்கியதை அவருக்கும் ஒருமுறை விளக்கட்டும்.