டர்போ டீசல் விமானங்களுக்கும் ஏன் உயர வரம்பு?

டர்போ இருந்தும் டயமண்ட் நிறுவனத்தின் டிஏ40 என்ஜி என்ற ஒற்றை இன்ஜின் டீசல் விமானம் ஏன் 16,400 அடிக்கு மேல் போகக்கூடாது என்று கேட்டிருக்கிறீர்கள்.

இன்ஜின் புகையால் சுழலும் டர்போ, மெலிந்த காற்றை அழுத்தித் தருவது சரிதான். ஆனால் மேலே போகப் போக அது இன்னும் வேகமாகச் சுழல வேண்டும்; அதற்கும் ஓர் எல்லை உண்டு.

என்னைக் கேட்டால், இன்ஜின் நடுவானில் அணைந்தால் என்ன ஆகும் என்பதுதான் பெரிய கேள்வி. டீசலில் ஸ்பார்க் பிளக் கிடையாது. அழுத்தத்தில் சூடேறிய காற்றில்தான் எரிபொருள் பற்றுகிறது. அணைந்த இன்ஜினிலிருந்து சூடான புகை வராது, அதனால் டர்போவும் படுத்துவிடும். வெளியே காற்றோ குளிர்ந்து மெலிந்திருக்கும். இன்ஜினைச் சூடாக்கிக் கிளப்ப உதவும் குளோ பிளக் இருந்தாலும் சிரமம்தான். கீழே இறங்கிய பிறகே மறுபடி கிளம்பும். இதற்கென்றே விமானக் கையேட்டில் தனி உயரம் குறித்திருப்பார்கள்.

இதே நிறுவனத்தின் இரட்டை இன்ஜின் டிஏ42க்கு வரம்பு 18,000 அடி.