வானத்திலிருந்து வந்த ஆண்டைகள்: கேள்வி பதில்

அலங்காநல்லூர் வாசகர்: அண்ணே, வேற்றுக்கிரகவாசிகள் பூமியை ஆண்டால் ஜல்லிக்கட்டை விட்டுவைப்பார்களா?

ஆர்தர் கிளார்க் 1953-இல் எழுதிய ‘சைல்ட்ஹுட்ஸ் எண்ட்’ நாவலில் இதற்கு நெருக்கமான ஒரு காட்சி வருகிறது, தம்பி. அதில் பூமியை ஆள வரும் வேற்றுக்கிரக ஆண்டைகள் கெட்டவர்கள் இல்லை. போரை நிறுத்துகிறார்கள், வறுமையை ஒழிக்கிறார்கள். ஐம்பது வருடம் முகத்தை மட்டும் காட்டுவதில்லை. மிருகவதை கூடாது என்பது அவர்கள் உத்தரவு. அதை மீறி மாட்ரிட்டில் காளைச்சண்டை நடக்கிறது. காளைமேல் ஈட்டி இறங்கியதும் பார்த்துக்கொண்டிருந்த அத்தனை பேரும் அலறுகிறார்கள். யார் உடம்பிலும் கீறல் இல்லை, காளையின் வலி மட்டும் அவர்களுக்குள் வந்து போயிருக்கிறது.

நம் வாடிவாசலில் திமிலைப் பிடித்து அணைவதோடு சரி, காளையைக் கொல்வதில்லை. ஆனாலும் கேள்வி ஒன்றுதான்: நல்லதே செய்தாலும், நம்மைக் கேட்டுச் செய்தார்களா? 2017 ஜனவரியில் உங்கள் ஊரில் விடிய விடிய உட்கார்ந்தவர்களின் கோபமும் இதுதான் என்று நினைக்கிறேன்.

திருமங்கலம் மாணவி: பணக்காரர்களே ஆளும் கதை உண்டா, சார்?

எச்.ஜி. வெல்ஸின் ‘டைம் மெஷின்’ நாவல் படிம்மா, 1895-இல் வந்தது. கதை போய்ச் சேருவது கி.பி. 802701-க்கு. மேலே சொகுசாக வாழ்ந்தவர்களின் வாரிசுகளை, பூமிக்கடியில் உழைத்தவர்களின் வாரிசுகள் தின்கிறார்கள்.

உசிலம்பட்டி வாசகர்: தமிழில் இப்படி எழுத ஆசை. எங்கே தொடங்கலாம், சார்?

உங்கள் ஊர்ப்பக்கமே தொடங்குங்கள். அதற்கு முன் ஒரு கதை: ஜான் கிறிஸ்டோபரின் 1967 நாவல் ‘தி வைட் மவுண்டன்ஸ்’. அதில் பூமியை ஆளும் வேற்றுக்கிரகவாசிகள், பதினாலு வயதானதும் பிள்ளைகளின் மண்டையில் உலோகத் தொப்பி பதிக்கிறார்கள். அன்றைக்குக் காதுகுத்து வீடுபோல ஊரே விருந்து வைக்கிறது. அதற்குப் பிறகு அந்தப் பிள்ளை எதிர்த்து நினைக்காது.

உங்கள் உசிலம்பட்டிப் பக்கத்துப் பெருங்காமநல்லூரில் தொப்பிக்குப் பதில் ரேகை. வெள்ளைக்காரர்களின் குற்றப்பரம்பரைச் சட்டம் 1871-இல் வந்தது, 1911-க்குப் பிறகு சென்னை மாகாணத்துக்கும் நீண்டது. பிறந்த சாதிக்காகவே கைரேகை வைக்க வேண்டும், ராத்திரியில் போலீஸ் கண்காணிப்பில் கிடக்க வேண்டும், வெளியூர் போகச் சீட்டு வாங்க வேண்டும். ஊர்க்காரர்கள் மறுத்தார்கள். 1920 ஏப்ரல் 3 அன்று போலீஸ் சுட்டதில் மாயக்காள் உள்ளிட்ட பலர் செத்தார்கள். சென்னை மாகாணத்தில் அந்தச் சட்டம் போனது 1947-இல்தான்.

பறக்கும் தட்டு கடைசியில் வரட்டும். முதலில் அந்த ரேகைப் பதிவேட்டை எழுதுங்கள்: மையில் அமுக்கிய கட்டைவிரல், பிடித்து அழுத்தும் போலீஸ் ஏட்டின் கை, அடுத்து வரிசையில் நிற்கும் மகன். அந்த ஏட்டும் நம் ஆளாகவே இருக்கட்டும். ஆண்டைக்கு எப்போதும் உள்ளூரில் ஆள் வேண்டும். மேல்நாட்டுக் கதைகள் பலவும் அவனை இரண்டு வரியில் கடந்துவிடுகின்றன. எழுதியதும் அனுப்புங்கள், அவசியம் படிக்கிறேன்.