கீமோவுக்குப் பிறகு மறதி: மூளை ஸ்கேன் எடுக்க வேண்டுமா?

உப்புவெளியில் வீட்டோடு தையல் கடை வைத்திருக்கும் வாசகி ஒருவர் எழுதியிருக்கிறார். மார்புப் புற்றுநோய்க்கு ஆறு தடவை கீமோ ஏற்றி முடித்து எட்டு மாதம். கழுத்தளவு எடுத்துவிட்டுக் கத்தரிக்கோலைத் தேடுவதற்குள் அளவு மறந்துவிடுகிறதாம். போன வாரம் ஒரே பள்ளிக்கூடச் சட்டையை இரண்டு தரம் பிழையாக வெட்டிவிட்டார். “மூளையை ஸ்கேன் எடுத்தால் கம்ப்யூட்டரே கண்டுபிடிக்குமாம் என்று மகன் சொல்கிறான். சீட்டுக்காசு கையில் இருக்கிறது. கொழும்புக்குப் போய் எடுக்கவா?”

காசை வைத்திருங்கள், அக்கா. மகன் சொன்னது பொய்யில்லை, ஆனால் உங்களுக்கு இப்போது உதவாது.

நாம் சும்மா படுத்திருக்கும்போதும் மூளையின் சில பகுதிகள் சேர்ந்தே ஏறி இறங்கும். கரைவலை இழுப்பதைப் பார்த்திருப்பீர்கள்: இரண்டு பக்கத்து ஆட்களும் ஒரே தாளத்தில் இழுத்தால்தான் மடி நேராக வரும். அந்தத் தாளத்தை, இரத்தத்தின் ஒக்சிசன் மாற்றத்தை வைத்து, ஒரு விசேஷ வகை எம்.ஆர்.ஐ. அளக்கிறது. 2013இல் அமெரிக்காவில் ஷெல்லி கெஸ்லர் குழுவினர் கீமோ எடுத்த பெண்கள், புற்றுநோய் வந்தும் கீமோ எடுக்காதவர்கள், நோயே இல்லாதவர்கள் என மூன்று சாராரை இப்படி ஸ்கேன் செய்து, படங்களைக் கம்ப்யூட்டருக்குக் கற்றுக்கொடுத்தார்கள். கீமோ எடுத்தவர்களை அது நன்றாகவே பிரித்துக் காட்டியது.

சரி, அது சொன்ன விடை என்ன? ‘இவர் கீமோ எடுத்தவர்’ என்பது. அதை அறிய உங்களுக்கு ஸ்கேன் எதற்கு? அளவு ஏன் மறக்கிறது என்பதல்லவா உங்கள் கேள்வி. அதோடு, கீமோவுக்கு முன் எடுத்த படம் உங்களிடம் இல்லை, ஒப்பிட எதுவுமில்லை. காசு கட்டி எடுக்கும் சாதாரண எம்.ஆர்.ஐ. இந்தத் தாளத்தைப் பார்ப்பதும் இல்லை. ‘எல்லாம் நோர்மல்’ என்று ரிப்போர்ட் வரும். அப்புறம், “அப்படியென்றால் எனக்குத்தான் மனப்பிரமையா?” என்று இன்னொரு கவலை. உங்களுடையது பிரமையில்லை, இந்த மறதி புற்றுநோய் வைத்தியர்களுக்கு நன்றாகத் தெரிந்ததுதான்.

அடுத்த கிளினிக்கில் இதை வாய்விட்டுச் சொல்லுங்கள். இரத்தச்சோகை, தைரொய்ட், பி12 பார்க்கச் சொல்லுங்கள். இரவில் எத்தனை தரம் விழிக்கிறீர்கள், மனம் சோர்ந்திருக்கிறதா என்பதையும் மறைக்காதீர்கள். மறதியைக் கூட்டும் இவையெல்லாம் சரிசெய்யக்கூடியவை. மார்புப் புற்றுநோய் திரும்பாமலிருக்கக் கொடுக்கும் டமொக்சிபென் மாத்திரை குடிக்கிறீர்களென்றால், அதற்கும் மறதிக்கும் தொடர்பு உண்டா என்றும் கேளுங்கள்; நீங்களாக நிறுத்திவிட வேண்டாம். தேவைப்பட்டால் உளவியலாளரிடம் அனுப்புவார்கள். அங்கே பன்னிரண்டு சொற்களை வாசித்துக் காட்டி மூன்று தரம் திருப்பிச் சொல்லவைப்பார்கள், இருபது நிமிடம் கழித்து மறுபடி கேட்பார்கள். பார்க்க விளையாட்டுப்போல இருக்கும். என்னைக் கேட்டால், இன்றைய நிலையில் எந்த ஸ்கேனையும்விட இது உங்களைப் பற்றி அதிகம் சொல்லும்.

கடையில் நாடாவைக் கீழே வைக்குமுன் அளவைச் சோக்கால் துணியிலேயே எழுதிவிடுங்கள். வெட்டும்போது ரேடியோ வேண்டாம், போனும் வேண்டாம். வெயில் தாழ்ந்ததும் கடற்கரையில் அரை மணி நேரம் நடங்கள். உடற்பயிற்சி களைப்பைக் குறைக்கும், தலையும் தெளியும்.

ஸ்கேன் உடனே தேவைப்படும் நேரமும் உண்டு. விடாத தலையிடியோடு வாந்தி, வலிப்பு, ஒரு பக்கக் கை கால் பலவீனம், திடீர்க் குழப்பம், பேச்சுக் குழறல் — இவற்றில் ஒன்று வந்தாலும் கிளினிக் நாளைப் பார்த்திருக்காமல் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.