இன்றைய லிபியாவில் இருந்த பண்டைய கிரேக்க நகரான சைரீனை நிறுவிய பாட்டஸ்: கேள்வி பதில்

கேள்வி: பாட்டஸ் என்றால் திக்குவாயர் என்றுதானே பொருள்?

பதில்: கிரேக்கச் சொல்லை மட்டும் பார்த்தால் அப்படித்தான் தோன்றும். பண்டைய கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் அதை ஏற்கவில்லை. லிபிய மொழியில் 'பாட்டஸ்' என்றால் அரசன் என்றும், கிரேக்கர்கள் குறி கேட்கச் செல்லும் டெல்ஃபி கோயிலில் குறி சொன்ன பெண் பாட்டஸ் லிபியாவில் அரசராவார் என்று அறிந்தே அவ்வாறு அழைத்தாள் என்றும் அவர் எழுதுகிறார்.

கேள்வி: குரல் குறையைத் தீர்க்கவே பாட்டஸ் குறி கேட்கப் போனார் என்று எழுதியவரும் அதே ஹெரோடோட்டஸ்தானே?

பதில்: நல்ல மறுப்பு. ஆனால் அது சைரீன் மக்கள் சொன்ன கதை. சைரீனில் குடியேறியவர்கள் புறப்பட்டு வந்த தாய்த்தீவான தேராவின் மக்கள், அதாவது இன்றைய சாந்தோரினியில் வாழ்ந்தவர்கள், குறி கேட்கப் போனவர் தங்கள் அரசர் கிரின்னஸ் என்றார்கள். லிபியாவில் நகர் அமைக்கும்படி வாக்கு வந்ததும், தமக்கு வயதாகிவிட்டது என்று சொல்லி அவர் இளையவரான பாட்டஸைச் சுட்டிக்காட்டினாராம். வாக்கை அலட்சியப்படுத்திய தேராவில் ஏழாண்டுகள் மழை பொய்த்து, ஒன்றைத் தவிர மரங்கள் அனைத்தும் பட்டுப்போயின. ஒரு கதை அரசரின் பங்கைக் காக்கிறது, மற்றது நிறுவனரை உயர்த்துகிறது. இரண்டையும் கலந்து ஒரே வரலாறாக்கிவிடாதீர்கள்.

கேள்வி: அப்படியானால் திக்குவாய் கட்டுக்கதையா?

பதில்: ஹெரோடோட்டஸ் மறுப்பது பெயர்க் காரணத்தைத்தான், திக்குவாயை அல்ல. மீண்டும் சொல்கிறேன், யார் சொன்ன கதை என்று முதலில் பாருங்கள்.

கேள்வி: குடியேற்றத்துக்குக் கல்வெட்டுச் சான்று உண்டா?

பதில்: கி.மு. 4ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டு ஒன்று சைரீனில் கிடைத்துள்ளது. நகர் உருவானது கி.மு. 631 வாக்கில் என்பதால், அதிலுள்ள, குடியேறுவோருக்கான உறுதிமொழி பழைய வாசகம்தானா என்பதில் அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு. அந்த உறுதிமொழியின்படி, அனுப்பப்பட்டும் கப்பலேற மறுப்பவனுக்கு மரண தண்டனை. ஐந்தாண்டுகள் போராடியும் ஊன்ற முடியாவிட்டால் அச்சமின்றித் திரும்பலாம். ஆண், பெண், சிறுவர், சிறுமியர் எல்லோரும் கூடி மெழுகுப் பாவைகளை எரித்து, உறுதியை மீறுபவனும் அவன் சந்ததியும் உடைமையும் இந்தப் பாவைபோல் உருகிப்போகட்டும் என்று சபித்தார்கள். கூடி நின்ற குழந்தைகளின் கண்முன் அந்த மெழுகு உருகியதை நினைக்கும்போதெல்லாம் என் மனம் கனக்கிறது.

கேள்வி: பாட்டஸின் இயற்பெயர் அரிஸ்டாட்டில் என்கிறார்களே, தத்துவ அறிஞரா?

பதில்: அல்லர். தத்துவ அறிஞர் பிறந்தது கி.மு. 384இல்.

கேள்வி: சைரீனில் விளைந்த சில்ஃபியம் செடி பெருங்காயமா?

பதில்: அதற்கு மாற்றாகவே ரோமானியர் பெருங்காயத்தைப் பயன்படுத்தினர். மேற்கொண்டு தாவரவியலாரைக் கேளுங்கள்.

கேள்வி: பாட்டஸின் சமாதி எங்கே இருந்தது?

பதில்: சந்தை வெளியின் ஓரத்தில், தனியாக. கிரேக்கக் கவிஞர் பிண்டார் அப்படிப் பாடியிருக்கிறார்; பின்வந்த அரசர்களின் கல்லறைகள் அரண்மனைக்கு முன்னால் இருந்தன என்றும் அதே பாடல் கூறுகிறது.