அரையும் காலும் சேர்ந்தால்

கேள்வி: தேவகோட்டைப் பக்கம் ஒரு நடுநிலைப் பள்ளியில் கடந்த ஜூனில் கணக்கு ஆசிரியையாகச் சேர்ந்தேன். ஆறாம் வகுப்பில் 34 பிள்ளைகள். பாடம் முடித்து "புரிஞ்சுதா?" என்று கேட்டால் ஒரே குரலில் "புரிஞ்சுது டீச்சர்" என்கிறார்கள். அரையாண்டுப் பேப்பரைத் திருத்தினால் பாதிப் பேர் பத்து மார்க்கைத் தாண்டவில்லை. வகுப்பில் ஓயாத சத்தம். கம்பை எடுத்தால்தான் அடங்குவார்கள் என்று மூத்த ஆசிரியர்கள் சொல்கிறார்கள். பி.எட்.டில் நல்ல மார்க் வாங்கியவள் நான். தப்பான வேலைக்கு வந்துவிட்டேனா? பேசாமல் பேங்க் பரீட்சைக்குப் படிக்கலாமா?

பதில்: முதலில் கம்பு விஷயம். எடுக்காதீர்கள் அம்மா. 2009-ல் வந்த கல்வி உரிமைச் சட்டத்தின் 17-வது பிரிவு அடிப்பதையும் மனம் நோகடிப்பதையும் தடை செய்திருக்கிறது, அது உங்களுக்கே தெரியும். நான் சொல்வது சட்டத்துக்குப் பயந்து அல்ல. நான் எடுத்தவன். பத்திரிகைக்கு வருவதற்கு முன்னால் ஆத்தங்குடிக்குப் பக்கத்தில் ஒரு பள்ளியில் இரண்டு வருஷம் வாத்தியாராக இருந்தேன். முதல் வருஷத்தில் ஒரு பையனை அடித்தேன், அந்த அடி இன்னும் என் கையில் இருக்கிறது.

பின்னக் கணக்கு. கரும்பலகையில் 1/2 + 1/4 என்று எழுதி அவனைக் கூப்பிட்டேன். வந்தான், மேலே இருக்கும் ஒன்றையும் ஒன்றையும் கூட்டினான், கீழே இருக்கும் இரண்டையும் நான்கையும் கூட்டினான், 2/6 என்று அழகாக எழுதிவிட்டு சாக்பீஸைத் திரும்பக் கொடுத்தான். முந்தின நாள்தான் முக்கால் மணி நேரம் அதையே நடத்தியிருந்தேன். "கவனிச்சாத்தானே வரும்" என்று இரண்டு அடி. அவன் அழவில்லை, உள்ளங்கையை டவுசரில் தேய்த்துக்கொண்டு போய் உட்கார்ந்தான்.

அந்த வாரக் கடைசியில் ஒரு வேலையாக சைக்கிளில் போனபோது தரையில் பதிக்கும் பூக்கல் செய்யும் ஒரு பட்டறையில் அவனைப் பார்த்தேன். ஆத்தங்குடிக் கல் எப்படிச் செய்வார்கள் என்று நம் பக்கத்து ஆட்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, கண்ணாடி மேல் அச்சு வைத்து, பூ பூவாக வண்ணக் கலவையை ஊற்றி, அதன் மேல் மணலும் சிமெண்டும் போட்டு இறுக்குவது. அவன் அப்பா ஊற்றிக்கொண்டிருந்தார், இவன் காய்ந்த கல்லை எடுத்து அடுக்கிக்கொண்டிருந்தான். ஓரத்துக்குப் போட வெட்டிய துண்டுகளும் பக்கத்தில் கிடந்தன. சும்மா பேச்சுக்கு, "ஒரு அரைக்கல்லு, ஒரு கால்கல்லு, ரெண்டையும் சேர்த்தா எவ்வளவுடா?" என்றேன். தலையைக்கூட நிமிர்த்தவில்லை. "முக்கால் கல்லு சார்" என்றான்.

எனக்கு அங்கேயே நிற்க முடியவில்லை. அவனுக்குக் கணக்கு தெரியும். நான் போர்டில் எழுதிய 1/2 என்பது அவன் வாயில் தினமும் புழங்கும் அரைதான் என்பது மட்டும் தெரியாது, ஏனென்றால் அதை நான் சொல்லவே இல்லை. "இரண்டில் ஒன்று, நான்கில் ஒன்று, பகுதி, தொகுதி" என்றுதான் வாரம் முழுக்க நடத்தினேன். அவன் எழுதிய 2/6-ஐப் பாருங்கள், அது மூன்றில் ஒரு பங்கு, பாதியை விடக் குறைவு. பாதியோடு இன்னொன்றைச் சேர்த்தால் குறையுமாடா என்று ஒரு கேள்வி கேட்டிருந்தால் அவனே அழித்துவிட்டுத் திருத்தியிருப்பான். கேட்காமல் கையை நீட்டச் சொன்னேன். திங்கட்கிழமை வகுப்பில் எல்லோர் முன்னாலும் அவனிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டுத்தான் அடுத்த கணக்கைப் போட்டேன்.

அதனால் சொல்கிறேன், "புரிஞ்சுதா?" என்ற கேள்வியை இன்றோடு நிறுத்துங்கள். அதற்கு வேறு என்ன பதில் சொல்ல முடியும் ஒரு குழந்தையால்? 33 பேர் முன்னால் எழுந்து எனக்குப் புரியவில்லை என்று சொல்லப் பெரியவர்களுக்கே தைரியம் வராது. அதற்குப் பதிலாக, மணி அடிப்பதற்கு ஐந்து நிமிஷம் முன்னால் ஒரே ஒரு கணக்கு, அரைத்தாளில் போட்டுக் கொடுத்துவிட்டுப் போகச் சொல்லுங்கள். மார்க் வேண்டாம், சிவப்பு மை வேண்டாம். வீட்டில் உட்கார்ந்து வாசியுங்கள். சரியாகப் போட்டதை விடத் தப்பாகப் போட்டதை நிதானமாகப் பாருங்கள், ஒவ்வொரு தப்புக்கும் பின்னால் ஒரு நியாயம் இருக்கும். ஒரே தப்பை இருபது பேர் செய்திருந்தால் அது அவர்கள் தப்பில்லை, நீங்கள் நடத்தியதில் ஏதோ விட்டுப்போயிருக்கிறது. நாளைக்குத் திரும்ப நடத்துங்கள், இதில் கௌரவக் குறைச்சல் ஒன்றுமில்லை.

இன்னொன்று. உங்கள் 34 பேரும் ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் என்பது வருகைப்பதிவேட்டில்தான். 2022-ல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டத்தில் சின்ன வகுப்புப் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று அவரவர் நிலையைப் பார்த்துப் பிரித்தார்கள் இல்லையா, அந்தக் கண் ஆறாம் வகுப்பு டீச்சருக்கும் வேண்டும். போர்டில் இருப்பதை அச்சுப் பிசகாமல் எழுதிக்கொள்வான், ஆனால் எழுதியதை வாசிக்கச் சொன்னால் வராது, அப்படி இரண்டு மூன்று பேர் உங்கள் வகுப்பிலும் இருக்கலாம். தனியாகக் கூப்பிட்டு, பக்கத்தில் உட்காரவைத்துக் கேட்டால்தான் தெரியும். யார் எந்த நிலை என்பது உங்கள் நோட்டில் இருக்கட்டும், பிள்ளைகள் காதில் விழ வேண்டாம்.

சத்தம் என்கிறீர்கள். எந்தப் பீரியடில் அதிகம் என்று கவனித்தீர்களா? முதல் இரண்டு பீரியட் என்றால் வயிற்றைப் பாருங்கள். காலை உணவுத் திட்டம் ஒன்றிலிருந்து ஐந்தாம் வகுப்பு வரைக்கும்தான். போன வருஷம் வரை அதே வளாகத்தில் உப்புமாவோ பொங்கலோ சாப்பிட்டுவிட்டு வகுப்புக்கு வந்த பிள்ளை, ஆறாம் வகுப்புக்கு வந்ததும் தம்பி சாப்பிடுவதைப் பார்த்துவிட்டு வெறும் வயிற்றோடு வந்து உட்காருகிறது. பின்னமாவது ஒன்றாவது! எந்தப் பிள்ளை சாப்பிடாமல் வருகிறது என்று தலைமையாசிரியருக்குத் தெரியாவிட்டாலும் சத்துணவு சமைக்கும் அம்மாவுக்குத் தெரியும். நான் முதல் வருஷத்தில் அதிகம் கற்றுக்கொண்டது அப்படிப்பட்ட ஓர் அம்மாவிடம்தான். இந்தப் பையன் அப்பா கல்யாணச் சமையலுக்குப் போகிறவர், முகூர்த்த நாளில் வீட்டில் அப்பத்தா மட்டும்தான், அந்தப் பெண்ணுக்கு அம்மா இல்லை, அந்தக் குடும்பம் ஒரு பெரிய வீட்டுக்குக் காவல் இருக்கிறது, வீட்டுக்காரர்கள் வந்தால் பிள்ளையும் ஓடி ஓடி வேலை செய்ய வேண்டும் என்று ஒவ்வொன்றாகச் சொல்வார். எந்தப் பதிவேட்டிலும் இது கிடையாது. மாசி, பங்குனியில் காரைக்குடி முத்துமாரியம்மனுக்குப் பால்குடம் என்று பாதி வகுப்பு காணாமல் போகும், அப்போது கோபப்படாமல் இப்போதே பாடத்தைக் கொஞ்சம் முன்னால் நகர்த்தி வையுங்கள்.

பாடக்குறிப்பு, பதிவேடுகள், பிள்ளைகள் விவரத்தை ஏற்றும் எமிஸ் செயலி எல்லாம் உங்கள் நேரத்தைத் தின்னும், அதைப் பற்றிப் புலம்பிப் பிரயோஜனமில்லை, இரண்டாம் வருஷம் கை பழகிவிடும்.

கம்பு எடுக்கச் சொன்ன மூத்தவர்களிடம் சண்டை போடாதீர்கள். அவர்களிலேயே ஒருவர் வகுப்பில் பிள்ளைகள் பேசிக்கொண்டே கணக்குப் போடுவார்கள், அவர் யார் என்று பாருங்கள். ஒரு பீரியட் பின்வரிசையில் உட்கார்ந்து பார்க்க அனுமதி கேளுங்கள். கேட்க வெட்கமாகத்தான் இருக்கும், பி.எட். மார்க் குறுக்கே வந்து நிற்கும், தள்ளிவிட்டுக் கேளுங்கள்.

தப்பான வேலையா என்று கேட்டீர்கள். பிள்ளைகள் பத்து மார்க்கைத் தாண்டவில்லையே என்று மனசு கஷ்டப்பட்டு எழுதியிருக்கிறீர்கள், அது வேண்டாத வேலையில் இருக்கும் ஆளின் கடிதம் இல்லை. அரையாண்டு முடிந்து உடம்பும் மனசும் சோர்ந்திருக்கும் நேரத்தில் பேங்க் பரீட்சை பற்றி முடிவெடுக்காதீர்கள். அடுத்த ஜூனில் புது ஆறாம் வகுப்பு வரும், அவர்களோடு ஒரு மாதம் இருந்துவிட்டு, அப்போதும் போகத்தான் தோன்றுகிறது என்றால் போங்கள், நான் தடுக்க மாட்டேன். அதற்கு முன்னால் அரையாண்டுப் பேப்பர் கட்டைத் திரும்பவும் எடுங்கள். கடைசி மார்க் வாங்கிய ஐந்து பேரின் தாளை மட்டும் பிரித்து, அந்தப் பிள்ளை என்ன நினைத்து இப்படிப் போட்டது என்று ஒவ்வொரு கணக்காகப் பாருங்கள். பார்த்துவிட்டு எனக்கு எழுதுங்கள்.